அளவா இறுக்குங்க பாய்

கிறீச்சிடுகிற எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்று நாற்பத்தாறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். கதவுக் கீலுக்கு அது, கட்டில் காலுக்கு அது. ஒரு முறை சிறுசேரி ஆபீஸ் நாற்காலிக்குக்கூட வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். நாற்காலி வாயை மூடிக்கொண்டது. என் பேன்ட்தான் ஒரு வாரம் மணந்தது.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் பழைய கார் ஸ்டார்ட் ஆகும்போது, அறுக்கப் பிடித்த கோழி மாதிரி ஒரு கூச்சல் போட்டதும் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. பானெட்டைத் திறந்தேன். எஞ்சினின் ஓரத்தில் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று சக்கரங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கூச்சல் அங்கிருந்துதான் வந்தது. வண்டியை நிறுத்தினேன். சமையலறைக்குப் போனேன். எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தேன். பட்டையின் உள்பக்கம், வெளிப்பக்கம், சக்கரத்தின் பள்ளம் என்று ஒரு இடம் விடாமல், பச்சைக் குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன்.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

"மெக்கானிக்குகிட்ட காட்டியிருக்கலாமுல்ல?" என்றாள் என் மனைவி மலீஹா, அப்போதுதான் தொடங்கிய தூறலுக்குப் பிடித்த குடையை மடக்கிக்கொண்டே உள்ளே ஏறி.

"எதுக்கு? ரெண்டு நிமிஷ வேலை."

அன்றைய பயணம் சாதாரணப் பயணம் இல்லை. ஒத்திகை. மாமல்லபுரத்தில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிற என் மனைவிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. பள்ளிக்கூடம் செய்யூர்ப் பக்கம். திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் செங்கல்பட்டு அலுவலகத்தில் போய் ஏற்கிறேன் என்றோ வேண்டாம் என்றோ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறி, முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். செய்யூரிலேயே இருக்கிற கண்ணகி டீச்சர், "எங்க மாடியில ஒரு ரூம் காலியாத்தான் கீது மலீஹா, வாரத்துல அஞ்சு நாள் இங்க தங்கிக்க" என்று போனில் சொல்லியிருந்தார். நல்ல மனுஷி. எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அந்தப் போனுக்குப் பிறகுதான்.

எங்கள் மகள் ஹனியா ஜூன் மாதம் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மலீஹாவும் அஞ்சு நாள் செய்யூரில் என்றால், இந்த வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். அது என்னைவிட அதிகமாகப் பேசும்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வருஷம் காத்திருந்து வந்த நாற்காலி. அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்வது. காலையில் நானே காரில் கொண்டுபோய் விடுவது. சாயந்தரம் அவள் பஸ்ஸில் வருவது. திட்டத்தைச் சொன்னபோது மலீஹா என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். சில சமயம் பார்ப்போம் என்றும் அர்த்தம். எது எப்போது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்கு, வைப்பர், கண்ணாடியில் பனி படியாமல் இருக்க ஏ.சி., எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். வண்டி முன்பலகையில் பேட்டரி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பலகையில் எப்போதும் ஏதாவது ஒன்று எரியும். நான் கண்டுகொள்ளவில்லை. கல்பாக்கத்தில் வண்டியை ஓடவிட்டே இறங்கி டீ வாங்கி வந்தேன். திரும்பிவந்தபோது வைப்பர், சுகர் வந்த ஆள் மாடிப்படி ஏறுவதுபோல மெதுவாகப் போய்வந்துகொண்டிருந்தது. சூடு காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது?"

"மழை ஈரம். ஓட ஓடச் சரியாப் போயிடும்."

வாயலூர்ப் பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ்ஸைத் தாண்ட ஹாரனை அழுத்தினேன். ஈன ஸ்வரத்தில் ஒரு முனகல் வந்தது. அதோடு எல்லாம் அணைந்தது. வண்டி தானாகவே ஓரம் ஒதுங்கி, மானஸ்தன் மாதிரி நின்றது.

ஒரு மணி நேரம் மழையில் கை காட்டிய பிறகு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. காலியான மீன் கூடைகளோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஓட்டிவந்தவர் பெயர் செல்வராஜ். பானெட்டுக்குள் தலையை விட்டவர், உடனே வெளியே எடுத்தார்.

"இன்னா அண்ணாத்த, பெல்ட்டுக்கு எண்ண தேச்சி வுட்டுக்கீற? தலைக்குக் குளிப்பாட்டப் போறியா?"

"சத்தம் வந்துச்சுங்க."

"வழுக்குதேன்னுதான் அது சத்தம் போட்டுச்சி. நீ இன்னும் நல்லா வழுக்கட்டும்னு எண்ணய ஊத்திக்கீற. இப்ப சக்கரம் சுத்துது, பெல்ட் சும்மா உக்காந்துகினு கீது. கரண்ட் எங்கேர்ந்து வரும்?"

நைலான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். இருபது கிலோமீட்டர். முன்னால் மீன் வாசனை, உள்ளே தேங்காய் எண்ணெய் வாசனை. அடுப்பு மட்டும் இருந்திருந்தால் சமைத்தே இருக்கலாம். இந்த ஜோக்கை மலீஹாவிடம் சொல்லலாமா என்று பூஞ்சேரி வரை யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. அவள் ஜன்னல் வழியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலீ, திங்கக்கிழமை இன்னா எழுதப் போறே?"

"பாக்கலாம்."

அன்று மத்தியானமே எங்கள் மெக்கானிக் ஆனந்தனைக் கூப்பிட்டேன். பட்டறையைப் பூட்டிவிட்டுச் செய்யூர்ப் பக்கத்தில் தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்து என்று போயிருந்தார். தாய்மாமன். குழந்தை உட்காரப்போவது அவர் மடியில். ஸ்பீக்கர் சத்தத்துக்கு நடுவில் கத்தினார்:

"செவ்வாக்கெயமதான் வருவேன் பாய்!"

"திங்கக்கெழம காலைல வண்டி ஓடணும் ஆனந்தன். எம் பொண்டாட்டி மேட்டர்."

"அப்ப நீங்களே போடுங்க. அது ஒண்ணும் பெரிய வித்த இல்ல. பேட்டரியக் கழட்டி சார்ஜுக்குக் குடுத்துடுங்க. எண்ண பட்ட பெல்ட் தேறாது, புதுசு வாங்கிடுங்க. சக்கரத்துப் பள்ளத்தையெல்லாம் சோப்புத் தண்ணி போட்டு எண்ணப் பிசுக்குப் போவத் தொடைங்க. ஆல்டர்நேட்டருக்கு அடியில ஒரு போல்ட்டு, மேல வளைஞ்ச பட்டையில ஒரு போல்ட்டு. ரெண்டையும் லூஸ் பண்ணிட்டு, பெல்ட்ட மாட்டி, ஆல்டர்நேட்டர நெம்பி வெளிய தள்ளினா பெல்ட் டைட்டாவும். அப்டியே புடிச்சிகினு மேல் போல்ட்ட முறுக்கிடுங்க. அவ்ளோதான்."

"எவ்ளோ டைட் பண்ணணும்?"

"அளவா இறுக்குங்க பாய்."

"அளவான்னா?"

"ரொம்ப லூசாவும் இருக்கக் கூடாது. ரொம்ப டைட்டாவும் இருக்கக் கூடாது."

"சரி, எவ்ளோ?"

"அளவாத்தான் பாய்! இருங்க, கொழந்த மூத்திரம் போய்ட்சி…" லைன் கட்டானது.

நான் மென்பொருளைச் சோதிக்கிறவன். எண் வேண்டும் எனக்கு. 'பக்கம் அளவாக வேகமாகத் திறக்க வேண்டும்' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் என் சம்பளம். ஆனால் இந்த ஊரில் சோற்றுக்கு உப்பு அளவா, டீக்குச் சர்க்கரை அளவா, மருமகனிடம் பேச்சு அளவா. அளவு என்ற ஒரே வார்த்தைக்குள் எந்த அளவும் இல்லை.

பேட்டரியைப் பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையில் சார்ஜுக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்தாவைப் பாதியில் விட்டுவிட்டு, பழைய பெல்ட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினேன். ஸ்பேர் கடை ஜெகதீசன் பையைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"பாய், பெல்ட்டக் கொண்டாந்தீங்களா, பொறிச்சிக் கொண்டாந்தீங்களா?"

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் அதைவிடக் கேவலம். பழைய பெல்ட்டின் முதுகில் இருந்த நம்பரைத் துடைத்துப் பார்த்து, அதே அளவில் புதுசு எடுத்துக் கொடுத்தார்.

"இத எவ்ளோ இறுக்கணுங்க?"

அவர் பில் புக்கிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அளவா."

சார்ஜ் ஏறிய பேட்டரியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மழை விட்டிருந்தது. மலீஹா ஜன்னலோரம் உட்கார்ந்து காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சக்கரப் பள்ளங்களைப் பாத்திர சோப்பு போட்டு மூன்று தடவை துடைத்தேன். எண்ணெய் என்னை மன்னிக்கவில்லை. நாலாவது தடவைதான் போனது.

அப்புறம்தான் அந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். எட்டு வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. கீழே எஞ்சினோடு சுற்றுகிற பெரிய சக்கரம். ஒரு பக்கம் தண்ணீரைச் சுற்றவிட்டு எஞ்சினைக் குளிரவைக்கிற பம்பின் சக்கரம். மேலே, மின்சாரம் தயாரிக்கிற, தேங்காய் மூடி அளவுக்கு வயிறு பெருத்த ஆல்டர்நேட்டர். மூன்றையும் கட்டிப்போடுவது இந்த ரப்பர் வளையம் ஒன்றுதான். கையில் வைத்தால் நூறு கிராம் தேறாது. இரவில் கண் தெரிவது, மழையில் கண்ணாடி தெரிவது, ஹாரன், பொறி, தண்ணீர், எல்லாம் இதன் பிடியில். பிடி என்றால் வேறொன்றும் இல்லை. உரசல். ஆணி கிடையாது, பல் கிடையாது, பூட்டு கிடையாது. ரப்பர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தொடுகையை நம்பி மனிதர்கள் குழந்தை குட்டிகளோடு ராமேஸ்வரம் வரை போகிறார்கள். எனக்கு வாய் பிளந்துகொண்டது. இதற்குத்தான் நான் எண்ணெய் தேய்த்தேன்.

பெல்ட்டை மாட்டினேன். வீல் ஸ்பேனரை ஆல்டர்நேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினேன். நெம்பிக்கொண்டே மேல் போல்ட்டை முறுக்க மூன்றாவது கை தேவைப்பட்டது. எனக்கு அது இல்லை என்பதால் முழங்கால், வயிறு, பல் ஆகியவற்றைப் பயன்படுத்தினேன். நழுவக் கூடாது, நேற்று நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கினேன். பெல்ட்டைச் சுண்டினால் 'டங்' என்றது. பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தேன்.

கிறீச் இல்லை. ஆனால் 'ஊஊய்ங்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். கொசு பாட்டு கற்றுக்கொள்வதுபோல. பரவாயில்லை, புது பெல்ட், பழகிவிடும் என்று நினைத்தேன்.

"நிறுத்துங்க!"

ஜன்னலில் சிவப்புப் பேனாவோடு மலீஹா நின்றாள்.

"இன்னா?"

"நிறுத்துங்க முதல்ல. அது அழுவுது."

நிறுத்தினேன். அவள் இறங்கி வந்தாள். வரும்போதே துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சுற்றிச் செருகினாள். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். இரண்டு கை வளையலையும் கழற்றிச் சுவர் மேல் வைத்தாள். எல்லாம் ஏழெட்டு நொடியில், யோசிக்காமல் நடந்தது. பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"கைலிய இன்னும் மேல தூக்கிக் கட்டுங்க. பெல்ட்டுகிட்ட போறப்ப தொங்குறது எதுவும் இருக்கக் கூடாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பானெட்டுக்குள் குனிந்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நீளமாக ஓடுகிற பகுதியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பெல்ட் அசையவில்லை. உதட்டைப் பிதுக்கினாள். அந்த இடத்தையே இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அது திரும்பவும் இல்லை.

"இன்னாங்க இது, கழுத்த நெறிச்சி வச்சிருக்கீங்க? இப்டியே ஓட்டினா அந்த உருண்ட கீதே, அதுக்குள்ளாற பேரிங் போயிடும். தண்ணி பம்பும் போயிடும். அப்புறம் குட்டியான பத்தாது, நெஜ ஆனைதான் வரணும்."

"மலீ, உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"மில்லுல பெல்ட் இல்லையா?"

என் மாமனார் ஷேக் தாவூத் செங்கல்பட்டில் மாவு மில் வைத்திருந்தவர். அது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது புருவம்வரை மாவோடு வந்து உட்கார்ந்தார். ஆனால் மில் என்றால் மாமனார் என்றுதான் என் மண்டையில் பதிவாகியிருந்தது.

"அத்தா மத்தியானம் லுஹர் தொழுவ பள்ளிவாசலுக்குப் போனா வர ஒரு மணி நேரமாவும். யாரு ஓட்டுவாங்கன்னு நெனச்சீங்க? எட்டாவதுலேர்ந்து காலேஜு முடிக்கிற வரைக்கும் நான்தான். அங்க பெல்ட் எங் கைய விட அகலம், இந்தச் செவுத்துலேர்ந்து அந்தச் செவுரு வரைக்கும் ஓடும். மொளகா அரைக்கும்போது அது நழுவிடுச்சின்னு வைங்க, கல்லு நின்னு மொளகா கருகிடும். தெருவே தும்மும். வரிசையில நிக்கிற பொம்பளைங்க வாயக் கேக்கணுமே!" அவள் சிரித்தாள். "பின்னாடி வூட்ல உக்காந்து அல்ஜீப்ரா போட்டுகினு இருப்பேன். பெல்ட் சத்தம் கொஞ்சம் மாறினா போதும், பென்சில வச்சிட்டு எழுந்து போயிடுவேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட நீ சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே."

நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"மேல் போல்ட்ட லூஸ் பண்ணுங்க. அடி போல்ட்டையும். ம். இப்ப நீங்க நெம்புங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க."

நெம்பினேன். அவள் இடது கட்டைவிரல் பெல்ட் மேல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து! அய்யோ, தாண்டிட்டீங்க. விடுங்க. கொஞ்சூண்டு விடுங்க. மூச்சப் புடிச்சிகினு நெம்பாதீங்க, கை ஆடுது. இப்ப… இப்ப… அங்க! அங்கதான்! அசையாதீங்க!"

அவளே ஸ்பேனரை எடுத்து மேல் போல்ட்டை முறுக்கினாள். அப்புறம் அடி போல்ட்டை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் அதட்டியது அந்த 'நிறுத்து' மட்டும்தான். எனக்குப் பிடித்திருந்தது.

"இதுதானா அளவு? எவ்ளோ இது?"

"சொன்னா வராது. வெரலக் குடுங்க."

என் கட்டைவிரலைப் பிடித்து பெல்ட்டின் நடுவில் வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். பெல்ட் உள்ளே போனது. முரண்டு பிடிக்காமல், தொளதொளவென்றும் இல்லாமல் போனது. ஒரு இடத்துக்கு வந்ததும், இதற்கு மேல் வரமாட்டேன் என்று மரியாதையாக நின்றது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்குப் போனது. எனக்குக் கை சிலிர்த்தது. சொன்னால் சிரிப்பீர்கள். ஆனந்தன், ஜெகதீசன், குட்டியானை செல்வராஜ், இந்த நெடுஞ்சாலையில் பிழைக்கிற எத்தனையோ பேர் கையில் இந்தச் சின்ன இடம் இருக்கிறது. அதற்கு அவர்களிடம் எண் இல்லை, விரல் இருக்கிறது. என் வீட்டிலேயே ஒரு விரல் இருந்திருக்கிறது. அதற்கு நான் மோதிரம் வாங்கிப் போட்டதோடு சரி.

இருந்தாலும் பழக்கம் விடவில்லை. அவள் பரீட்சைத் தாள் பக்கத்தில் கிடந்த ஸ்கேலை எடுத்துவந்து வைத்து அழுத்திப் பார்த்தேன். "பன்னெண்டு மில்லிமீட்டர்."

"எழுதி வச்சிக்கோங்க" என்றாள். தாள் திருத்துகிற குரல் அது. பாஸா ஃபெயிலா என்று தெரியாது.

"ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"சாவியக் குடுங்க."

அவளே ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கு லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் அவள் ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பதும், 'லாரி! லாரி!' என்று அடுத்த தாலுகாவில் வருகிற லாரிக்குக் கத்துவதும் என் வழக்கம். நாலைந்து தடவைக்குப் பிறகு அவள் சாவி கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமல் போனது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதை நான் இங்கே எழுதுவது பெருமைக்கு இல்லை.

எஞ்சின் ஓடியது. ஒரு சத்தமும் இல்லை. பெல்ட் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அவ்வளவு வேகத்தில் அது அசையாமல் இருப்பதுபோல் இருந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. மலீஹா ஒவ்வொன்றாகப் போட்டாள். பெரிய விளக்கு. எஞ்சின் ஒரு நொடி குரலைத் தாழ்த்தி மறுபடி நிமிர்ந்தது. வைப்பர், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர். ஒவ்வொரு சுமை ஏறும்போதும் அந்த ரப்பர் வளையம் லேசாக அதிர்ந்து, பிடியை விடாமல் தாங்கிக்கொண்டது. கடைசியில் ஹாரனை அடித்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் துள்ளி விழுந்தார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பானெட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"ஏறுங்க."

"எங்க?"

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

சாயந்தர அஸர் தொழுகை முடிந்த நேரம். வெயில் மழையில் கழுவியதுபோல் இருந்தது. அவள் தெற்கே திருப்பினாள். நான் இடதுபக்க இருக்கையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கால்களை என்ன செய்வது என்று தெரியாமல் சம்மணம் போட்டுக்கொண்டேன். ஒரு லாரி வந்தது. நான் கடலைப் பார்த்தேன்.

அவள் ரேடியோவைப் போடவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, தலையை லேசாகச் சாய்த்து ஓட்டினாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் காற்றுதான் கேட்டது. சதுரங்கப்பட்டினம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, நேற்று வண்டி நின்ற இடத்தையும் தாண்டி, பாலாற்றுப் பாலத்தின் அந்தக் கரையில் ஓரமாக நிறுத்தினாள்.

"புது பெல்ட் ஓடினா கொஞ்சம் நீளும். பாத்துடலாம்."

வண்டியை அணைத்து, சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். எஞ்சின் சூடு தணியக் காத்திருந்தோம். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு, கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் நிரம்பி, ஒரு சத்தமும் போடாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் அந்தச் செம்மையும் கடலின் நீலமும் சேருகிற கோடு கண்ணுக்குத் தெரிந்தது. நின்று பார்க்கிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. பைக்கை நிறுத்திவிட்டு ஏழெட்டுப் பேர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மலீஹா பானெட்டைத் திறந்து விரலை வைத்தாள்.

"நீங்க பாருங்க."

வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கூடுதல். இதைக் கண்டுபிடித்தது என் விரல்தான் என்பதை நம்ப முடியாமல் மறுபடி ஒரு தரம் அழுத்தினேன்.

"லூசாகீது" என்றேன்.

"ம்ம்" என்றாள். கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம். "எவ்ளோ இறுக்கணும்?"

"அளவா."

அவள் சிரித்த சிரிப்பில் கைப்பிடி ஓரம் நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் நெம்பினேன். அவள் விரலை வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் நிறுத்தச் சொன்னபோது நான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன். அவள் போல்ட்டை முறுக்கினாள். நான் பானெட்டை மூடினேன். இரண்டு பேரும் ஒரே பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டோம்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை. ஆனால் நாளைக்குப் பத்து மணி என்பது நாளைக்குப் பத்து மணிதான்.

"மலீ, நான் ஒண்ணு கேப்பேன். பாக்கலாம்னு மட்டும் சொல்லாத. போகாதன்னு சொல்ல மாட்டேன். அங்கேயே ரூம் எடுக்கறதுன்னாலும் எடு. வூட்ல நீ இல்லாம எனக்கு பேஜாராத்தான் இருக்கும், அது எம் பிரச்சன. ஆனா எனக்குத் தெரியணும். நாளைக்கு இன்னா எழுதப் போறே?"

அவள் துணியை நாலாக மடித்தாள். ஆற்றைப் பார்த்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் எனக்கே தெரியாதுங்க. உங்கள நம்புறேன். உங்க வண்டியத்தான் நம்ப முடியல. அத வாய்விட்டுச் சொல்லவும் முடியல."

"இப்போ?"

"ஏத்துக்கறேன்னு எழுதப் போறேன். கண்ணகி டீச்சர்கிட்ட ரூம் வேணாம்னு சொல்லிடறேன். இந்த வண்டிய டெய்லி நான்தான் ஓட்டுவேன், தனியா. காலைல ஏழு மணிக்குக் கெளம்புவேன், சாயந்தரம் ஆறு மணிக்கெல்லாம் நம்ம வூட்ல இருப்பேன். நீங்க மதிய ஷிஃப்ட்டும் கேக்க வேணாம் ஒண்ணும் கேக்க வேணாம், ஆபீசுக்கு பஸ்ல போங்க."